மேட்டர்ஹார்ன் உச்சிக்கு ரயில்: 1892-ல் கிடைத்த அனுமதி 1907-ல் ஏன் கிடைக்கவில்லை?

சுவிட்சர்லாந்து சுற்றுலா விளம்பரங்களில் 'மேட்டர்ஹார்ன் ரயில்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. டோப்லரோன் சாக்லேட் அட்டையில் பல ஆண்டுகள் இருந்த அந்தக் கூர்மையான மலையின் உச்சிவரை ரயில் போகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. உச்சிக்கு ரயில் கிடையாது, எப்போதும் இருந்ததும் இல்லை. ஆனால் அப்படி ஒரு ரயில் போட இரண்டு முறை அரசிடம் விண்ணப்பம் போனது. முதல் முறை சட்டப்படி அனுமதியே கிடைத்தது. இரண்டாவது முறை, தொழில்நுட்பம் கைக்கு வந்த பிறகு, அனுமதி கிடைக்கவில்லை. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் மலை மாறவில்லை. மாறியது என்ன என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

எந்த ரயில் எங்கே போகிறது?

பெயர்கள் ஒன்றோடொன்று குழம்புவதால் முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வோம்.

1. மேட்டர்ஹார்ன் கோட்ஹார்ட் ரயில்: இது ஒரு நிறுவனத்தின் பெயர். 2003-ல் இரண்டு பழைய ரயில் நிறுவனங்கள் இணைந்து உருவானது. ஃபிஸ்ப் நகரிலிருந்து செர்மாட் ஊருக்குப் போகும் பாதை இதனுடையது. செர்மாட் மலையடிவார ஊர், உயரம் சுமார் 1,600 மீட்டர்.

2. கோர்னர்கிராட் ரயில்: செர்மாட்டிலிருந்து புறப்பட்டு 3,089 மீட்டர் உயரத்தில் உள்ள கோர்னர்கிராட் நிலையம்வரை ஏறுகிறது. 1898-ல் திறந்தார்கள். மேட்டர்ஹார்னை எதிரே நின்று பார்க்கலாம், ஆனால் இது வேறு மலைமுகடு.

3. கிளைன் மேட்டர்ஹார்ன்: 'சின்ன மேட்டர்ஹார்ன்' என்று பொருள். 3,883 மீட்டர் உயரமுள்ள தனிச் சிகரம். 1979 முதல் ரோப் கார் போகிறது. 2023-ல் இங்கிருந்து இத்தாலிய எல்லைப் பக்கத்துக்கு இன்னொரு ரோப் கார் இணைப்பும் வந்தது. பெயரைப் பார்த்துப் பெரிய மேட்டர்ஹார்ன் என்று எண்ணி ஏறுபவர்கள் உண்டு.

4. மேட்டர்ஹார்ன்: 4,478 மீட்டர். சுவிட்சர்லாந்து–இத்தாலி எல்லையில் நிற்கும் நான்கு பக்கக் கூம்பு. இதன் உச்சிக்கு நடந்தும் பாறை பற்றியும்தான் போக முடியும்.

இந்த நான்காவதற்குத்தான் ரயில் திட்டமிட்டார்கள்.

மலையில் வண்டி ஏறும் மூன்று வழிகள்

சாதாரண ரயில், இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பற்றும் பிடிமானத்தால் ஓடுகிறது. அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. சரிவு கொஞ்சம் கூடினாலே சக்கரம் வழுக்கும். அதனால் செங்குத்தான இடங்களுக்கு வேறு வழிகள் வேண்டியிருந்தன.

முதலாவது பல்சக்கர ரயில். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை ஒன்று ஓடும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு ஏறும். நம் ஊட்டி மலை ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர்வரை இருப்பது இதுதான். அங்கே பயன்படுவது சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் உருவாக்கிய முறை. கோர்னர்கிராட் ரயிலிலும் அதே முறைதான். ஊட்டி ரயிலின் புகழ்பெற்ற நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. ஊட்டிப் பாதை 100 மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 8 மீட்டர் ஏறுகிறது. கோர்னர்கிராட் 20 மீட்டர்வரை ஏறுகிறது. உலகிலேயே செங்குத்தான பல்சக்கர ரயிலான பிலாட்டஸ், 1889-ல் திறக்கப்பட்டது, 48 மீட்டர்வரை ஏறுகிறது. பல்சக்கரத்தின் எல்லை ஏறக்குறைய அங்கேயே முடிகிறது.

இரண்டாவது கம்பிவட ரயில். வண்டியில் எஞ்சின் இருக்காது. நிலையத்தில் உள்ள இயந்திரம் இரும்பு வடத்தால் வண்டியைத் தண்டவாளத்தின் மேல் இழுக்கும். பழனி மலையில் 'விஞ்ச்' என்று சொல்கிறோமே, அதே வகை. பல்சக்கரத்தால் முடியாத சரிவிலும் இது ஏறும்.

மூன்றாவது ரோப் கார். தண்டவாளமே இல்லாமல் வடத்தில் தொங்கிப் போவது. மேட்டர்ஹார்ன் திட்டங்கள் வந்த காலத்தில் இவ்வளவு உயரத்துக்கு இது நடைமுறைக்கு வரவில்லை என்பதால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மேட்டர்ஹார்னில் மலையேறிகள் வழக்கமாகப் போகும் பாதை ஹோர்ன்லி முகடு. அந்த முகட்டின் அடியில் 3,260 மீட்டர் உயரத்தில் ஒரு மலைக்குடில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு இன்னும் சுமார் 1,200 மீட்டர் ஏற வேண்டும். அந்தச் சரிவு பிலாட்டஸ் பாதையைவிடச் செங்குத்து. வெளியே பனியும் விழும் கற்களும். ஆக மேல்பகுதிக்கு ஒரே வழி, மலைக்குள் சுரங்கம் குடைந்து, அதற்குள் கம்பிவடத்தால் வண்டியை இழுப்பது. திட்டம் போட்டவர்கள் எல்லாரும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

1890: முதல் விண்ணப்பம்

1871-ல் ரிகி மலைக்கு ரயில் வந்தது. ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் அது. அதன் வெற்றிக்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் மலை ரயில் போடுவது ஒரு பெருந்தொழிலாக மாறியது. பணம் போட ஆள் இருந்தது, பார்க்க வரும் ஆங்கிலேயர்களும் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். எந்த மலையைப் பார்த்தாலும் யாராவது ஒரு பொறியாளர் கோடு போட்டுக்கொண்டிருந்த காலம்.

ஃபிஸ்ப்–செர்மாட் பாதை 1891-ல் முழுமையாகத் திறந்தது. அது முடிவதற்கு முன்பே, 1890-ல், பீல் நகரைச் சேர்ந்த லியோ ஹேர்-பெட்ரிக்ஸ் என்பவர் செர்மாட்டிலிருந்து இரண்டு பாதைகள் போட அனுமதி கேட்டார். ஒன்று கோர்னர்கிராட்டுக்கு. மற்றொன்று மேட்டர்ஹார்னுக்கு.

இங்கே அனுமதி முறையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். 1872-ம் ஆண்டின் ரயில்வே சட்டத்துக்குப் பிறகு சுவிட்சர்லாந்தில் ரயில் பாதைக்கான உரிமத்தை மாநிலங்கள் தருவதில்லை, கூட்டாட்சிதான் தரும். தனியார் நிறுவனம் விண்ணப்பிக்கும், அரசு பரிசீலிக்கும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும். பாதுகாப்பானதா, கட்ட முடியுமா, பணம் இருக்கிறதா, நாட்டின் பாதுகாப்புக்கு இடைஞ்சலா என்பவை பார்க்கப்படும். ஒரு மலையின் தோற்றம் கெடுமா என்று கேட்கச் சட்டத்தில் இடம் கிடையாது.

1892-ல் இரண்டு பாதைகளுக்கும் உரிமம் கிடைத்தது. பெரிய எதிர்ப்பு ஏதும் எழவில்லை. கோர்னர்கிராட் பாதை கட்டப்பட்டது. மேட்டர்ஹார்ன் பாதை கட்டப்படாமல் உரிமம் காலாவதியானது. செலவும் ஆபத்தும் அதிகம், அவ்வளவு உயரத்தில் வேலை செய்த அனுபவம் யாருக்கும் இல்லை. ஆக முதல் முறை திட்டத்தைக் கைவிடவைத்தது நடைமுறைச் சிக்கல்தான்.

உடம்பு தாங்குமா?

அந்தக் காலத்துப் பரிசீலனையில் இன்னொரு கேள்வி உண்மையாகவே பெரிதாக இருந்தது. 4,000 மீட்டருக்கு மேல் மனிதரை வண்டியில் உட்காரவைத்து வேகமாகக் கொண்டுபோனால் என்ன ஆகும்?

மேட்டர்ஹார்ன் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறையும். தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல், சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து. நடந்து ஏறுபவருக்கு உடம்பு பழக நேரம் கிடைக்கும், ரயிலில் போகிறவருக்கு அது கிடைக்காது. மறுபக்கம், நடக்கிற உழைப்பு இல்லாததால் ரயில் பயணிக்குத் தொல்லை குறைவாக இருக்கலாம் என்ற வாதமும் இருந்தது.

சுவிட்சர்லாந்தின் இன்னொரு உயர்ந்த மலையான யுங்ஃப்ராவுக்கு ரயில் போட அனுமதி கேட்டபோது இதைச் சோதித்துப் பார்க்கும் வேலை பெர்ன் பல்கலைக்கழகத்தின் உடலியல் பேராசிரியர் ஹூகோ குரோனெக்கரிடம் வந்தது. அவர் செய்தது எளிமையான, துணிச்சலான சோதனை. 1894 செப்டம்பரில் ஏழு பேரைச் செர்மாட்டிலிருந்து பிரைட்ஹார்ன் மலையில் சுமார் 3,750 மீட்டர் உயரத்துக்குச் சுமைதூக்கிகளை வைத்துத் தூக்கிக்கொண்டு போகச் செய்தார். சிறுவனும் இருந்தான், முதியவரும் இருந்தார். யாரும் ஓரடிகூட நடக்கக் கூடாது. ரயிலில் உட்கார்ந்து போவதற்கு அது ஈடு. மேலே நாடித்துடிப்பு முதலியவற்றை அளந்தார்கள். அசையாமல் இருந்தவரை பெரும்பாலும் சமாளித்தார்கள், சிறிது நடந்தாலே நாடி எகிறியது. ஆரோக்கியமானவர்கள் குறைந்த நேரம் தங்கலாம், அதிக நேரம் கூடாது என்பது அவர் முடிவு.

ஒரு ரயில் பாதையின் அனுமதிக்காக நடந்த இந்தச் சோதனை, மலை நோய் பற்றிய ஆய்வு வரலாற்றில் முக்கியமான இடத்தைப் பெற்றுவிட்டது. மேட்டர்ஹார்னின் இரண்டாவது திட்டத்திலும் இதே கவலை இருந்தது. உச்சி நிலையத்தில் அழுத்தம் கூட்டிய காற்று நிரப்பிய அறைகளை அமைத்து, உடம்பு முடியாதவர்களை அங்கே உட்காரவைக்கலாம் என்று யோசித்திருந்தார்கள்.

1906: இந்த முறை முடியும் என்று எல்லாரும் நம்பினார்கள்

1906 டிசம்பரில் இரண்டாவது விண்ணப்பம் வந்தது. கேட்டவர்கள் இருவர். சேவர் இம்ஃபெல்ட் பொறியாளர், மலைகளின் வரைபடங்களுக்கும் நுணுக்கமான மாதிரிகளுக்கும் பெயர் பெற்றவர். ஆன்ரி கோலியே லோசான் நகரில் நிலவியல் பேராசிரியர். ஒருவர் மலையின் வெளி உருவத்தை அங்குலம் அங்குலமாக அறிந்தவர், மற்றவர் உள்ளே இருக்கும் பாறையை அறிந்தவர். இருவரையும் மலையின் மேல் அக்கறை இல்லாத வியாபாரிகள் என்று ஒதுக்க முடியாது.

அவர்கள் திட்டத்தில் இரண்டு கட்டங்கள். செர்மாட்டிலிருந்து ஹோர்ன்லி முகட்டின் அடிவாரம்வரை மின்சார ரயில். அங்கிருந்து சுரங்கத்துக்குள் கம்பிவட ரயில். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையைக் குடைந்து நிலையம்.

இப்போது சூழல் 1890 போல இல்லை. அதே 1906-ல்தான், அதே வாலே மாநிலத்தில், சிம்ப்ளோன் சுரங்கம் திறந்தது. 19.8 கிலோமீட்டர், அன்றைக்கு உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். யுங்ஃப்ராவ் ரயில் அதற்கு முந்தைய ஆண்டே, வழியில் உள்ள ஐகர் மலைக்குள் குடைந்துகொண்டு 3,100 மீட்டரைத் தாண்டியிருந்தது. கோர்னர்கிராட்டில் மின்சார ரயில் எட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. மேட்டர்ஹார்னில் இரண்டு கிலோமீட்டர் சொச்சம் சுரங்கம் குடைவது முடியாத வேலை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

கட்ட முடியுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் கட்டலாமா என்ற கேள்வியை மக்கள் கேட்டார்கள். 1892-ல் எதிர்ப்பு வராததற்கு, யாரும் அதை நடக்கக்கூடிய காரியமாக எடுத்துக்கொள்ளாததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

70,000 கையெழுத்துகள்

1905-ல் சுவிட்சர்லாந்தில் 'ஹைமாட்ஷுட்ஸ்' என்ற அமைப்பு தொடங்கியது. பழைய கட்டடங்களையும் ஊர்த் தோற்றங்களையும் இயற்கைக் காட்சிகளையும் காக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆரம்பித்து இரண்டே ஆண்டுகளில் கையில் வந்த பெரிய வழக்கு மேட்டர்ஹார்ன். சுவிஸ் மலையேறும் சங்கமும் இயற்கை அறிவியலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாடு முழுக்கக் கையெழுத்து இயக்கம் நடந்தது. சேர்ந்தவை 70,000-க்கும் மேல்.

அந்த எண்ணை அந்தக் காலத்து அளவுகோலில் பார்க்க வேண்டும். நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 35 லட்சம்தான். 1891 முதல் சுவிட்சர்லாந்தில் அரசமைப்பில் ஒரு திருத்தத்தைப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 50,000 வாக்காளர்களின் கையெழுத்து இருந்தால் போதும். மேட்டர்ஹார்ன் கையெழுத்துகள் வெறும் மனுதான், சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அரசமைப்பையே அசைக்கப் போதுமானதைவிட அதிகமான பெயர்கள் ஒரு மலைக்காக வந்திருக்கின்றன என்பதைப் பெர்னில் இருந்த அமைச்சர்கள் கணக்கிடாமல் இருந்திருக்க மாட்டார்கள்.

வாதங்கள் என்னவென்று பார்ப்போம். எதிர்த்தவர்கள் தரப்பில்:

1. மேட்டர்ஹார்ன் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, முழு நாட்டுக்கும் சொந்தம். அதன் உச்சியைக் கட்டணம் வசூலிக்கும் இடமாக்க ஒரு தனியாருக்கு உரிமம் தர அரசுக்கு அதிகாரம் உண்டா?

2. ரிகிக்கும் பிலாட்டஸுக்கும் ரயில் வந்தாயிற்று, யுங்ஃப்ராவுக்குள் குடைந்துகொண்டிருக்கிறார்கள். எங்காவது ஓரிடத்தில் நிறுத்த வேண்டும்.

3. இது வேறு எந்த மலையையும் போல இல்லை. 1865 ஜூலை 14-ல் எட்வர்ட் விம்பரும் குழுவினரும் முதன்முதலில் ஏறி, இறங்கும்போது கயிறு அறுந்து ஏழு பேரில் நால்வர் இறந்தார்கள். அந்த நினைவு அப்போது நாற்பது ஆண்டுப் பழசுதான். உயிரைக் கொடுத்து எட்டிய இடத்துக்கு டிக்கெட் வாங்கிப் போவது பலருக்குப் பொறுக்கவில்லை.

ஆதரவாளர்கள் சொன்னதையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். மலையேறப் பலமும் பணமும் ஓய்வும் உள்ள சிலருக்கு மட்டும் உச்சி சொந்தமா? வயதானவர்கள், உடல் முடியாதவர்கள், வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க வசதி இல்லாதவர்கள் பார்க்கக் கூடாதா? அதோடு சுரங்கத்துக்குள் ஓடுகிற ரயில் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது, மலையின் உருவம் கெடாது என்றார்கள்.

இந்த முதல் வாதம் இன்றைக்கும் கனமானது. மலையேறும் சங்கத்தினர் பலர் நகரத்து வசதியானவர்கள் என்பதும் உண்மை. ஆனால் இந்த ரயிலை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் பாதிதான் நிற்கிறது. முதலில், உச்சிப் பயணக் கட்டணம் சாதாரணத் தொழிலாளி கொடுக்கக்கூடியதாக இருந்திருக்காது. அப்புறம், மேட்டர்ஹார்னின் அழகு அதன் உருவத்தில் இருக்கிறது. உச்சியில் நிற்பவருக்கு மேட்டர்ஹார்ன் தெரியாது. எல்லாருக்கும் அந்த மலையைக் காட்ட வேண்டுமானால் எதிரே உள்ள முகட்டுக்குப் போகும் ரயில் வேண்டும், அது 1898-லிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

நீலகிரி ரயிலோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். 1854-ல் முதலில் யோசனை வந்து, 1891-ல் வேலை தொடங்கி, 1908-ல் ஊட்டியை எட்டிய பாதை அது. மேலே ஊர்கள் இருந்தன, தோட்டங்கள் இருந்தன, வெலிங்டனில் ராணுவம் இருந்தது. ஆளும் சரக்கும் ஏறி இறங்க வேண்டிய தேவை இருந்தது. ஐம்பது ஆண்டுகள் தடுமாறினாலும் அந்தத் தேவை திட்டத்தை உயிரோடு வைத்தது. மேட்டர்ஹார்ன் உச்சியில் யாரும் வசிக்கவில்லை. காட்சியை மட்டுமே நம்பிய திட்டத்துக்கு மக்களின் மனநிலை எதிராகத் திரும்பியபோது தாங்கிப் பிடிக்க வேறு காரணம் இல்லை.

அரசு அனுமதி தரவில்லை. காலம் கடந்தது. 1909-ல் இம்ஃபெல்ட் இறந்தார். 1914-ல் உலகப்போர் வந்ததும் வெளிநாட்டுப் பயணிகள் நின்றுபோனார்கள். விடுதிகள் காலியாகி, 1915-ல் புதிய ஹோட்டல் கட்டவே கட்டுப்பாடு விதிக்கும் அளவுக்குச் சுற்றுலாத் தொழில் சரிந்தது. அதன் பிறகு மேட்டர்ஹார்னுக்கு ரயில் போடுவது பற்றிப் பேச யாரும் இல்லை.

யுங்ஃப்ராவும் உச்சியை எட்டவில்லை

யுங்ஃப்ராவ் கட்டப்பட்டதே, அது எப்படி என்ற கேள்வி வரும். அதன் கதையைச் சுருக்கமாகப் பார்த்தால், கட்டியிருந்தால் மேட்டர்ஹார்னுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

தொழிலதிபர் அடோல்ஃப் குயர்-செல்லர் 1893-ல் அந்த யோசனையை முன்வைத்தார். 1896-ல் வேலை தொடங்கியது. பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த தொழிலாளர்கள் குளிரிலும் இருட்டிலும் பாறை உடைத்தார்கள். 1899-ல் ஒரு வெடிவிபத்தில் ஆறு பேர் இறந்தார்கள். அதே ஆண்டு குயர்-செல்லரும் இறந்தார். ஏழு ஆண்டில் முடியும் என்று கணக்கிட்ட வேலை பதினாறு ஆண்டு இழுத்தது. செலவும் மதிப்பீட்டைத் தாண்டியது. 1912 ஆகஸ்ட் 1-ல் பாதை 3,454 மீட்டரில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் கணவாயை எட்டியது.

மூலத் திட்டம் அங்கே முடியவில்லை. யுங்ஃப்ராவின் உச்சி 4,158 மீட்டர். அதற்கு அடிவரை ரயிலும், அங்கிருந்து பாறைக்குள் லிஃப்ட்டும் போட நினைத்திருந்தார்கள். பணம் தீர்ந்ததால் கணவாயிலேயே நின்றது. இன்றைக்கு 'ஐரோப்பாவின் உச்சி' என்று விற்கப்படும் நிலையம், உண்மையில் நிறுவனம் போய்ச்சேர நினைத்த இடத்துக்கு 700 மீட்டர் கீழே இருக்கிறது. ஆக ஆல்ப்ஸில் இரண்டு பெரிய உச்சிகள் ரயிலிலிருந்து தப்பின. யுங்ஃப்ராவைத் தப்பவைத்தது பணமின்மை, மேட்டர்ஹார்னைத் தப்பவைத்தது மக்கள் எதிர்ப்பு.

யுங்ஃப்ராவ்யோக் நிலையத்தால் அறிவியலுக்குப் பயன் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 1931-ல் அங்கே திறந்த உயர்மலை ஆய்வு நிலையம் வளிமண்டல ஆய்வுக்கு உலக அளவில் முக்கியமானது. ரயில் இல்லாமல் அது சாத்தியமாகியிருக்காது.

கட்டியிருந்தால்?

ஊகம்தான். ஆனால் இன்று நமக்குத் தெரிந்த சில உண்மைகளை வைத்து ஊகிக்கலாம்.

மேட்டர்ஹார்னின் பாறை உடைந்து உடைந்து நிற்பது. அந்த விரிசல்களுக்குள் ஆண்டு முழுவதும் உருகாத பனி இருக்கிறது. நிலத்துக்குள் நிரந்தரமாக உறைந்திருக்கும் இந்த நிலையை உறைநிலம் என்கிறோம். பாறைத் துண்டுகளைப் பிடித்து வைத்திருப்பதில் அந்தப் பனிக்கும் பங்கு உண்டு. 2003 கோடையில் ஐரோப்பாவைக் கடும் வெப்பம் தாக்கியபோது ஹோர்ன்லி முகட்டில் பெரிய பாறைச் சரிவு ஏற்பட்டது. மலையேறிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். பாறை உடைந்த இடத்தில் பனி வெளியே தெரிந்தது. 2008 முதல் அதே முகட்டில் உணர்கருவிகள் பதித்து, விரிசல்களின் அசைவையும் வெப்பநிலையையும் விஞ்ஞானிகள் தொடர்ந்து அளக்கிறார்கள்.

1906-ல் இது யாருக்கும் தெரியாது. நிலவியல் பேராசிரியரான கோலியேக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அந்த முகட்டுக்குள் சுரங்கம் ஓடியிருந்தால்:

1. சுரங்கத்தின் வழியே வரும் வெப்பமும் காற்றும் உள்ளிருக்கும் பனியைப் பாதித்திருக்கும். குளிர்ந்த மலைக்குள் மனிதர் நடமாடும் நிலையம் வைப்பது பாறைக்குச் சூடு ஏற்றுவதுதான். உறைநிலத்தில் கட்டடம் வைத்திருக்கும் எல்லா உயர்மலை நிலையங்களும் இன்று இந்தச் சிக்கலோடு போராடுகின்றன.

2. தண்டவாளமும் கம்பிவடமும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டியவை. பாறை சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே பராமரிப்புச் செலவு ஏறும்.

3. குடைந்தெடுத்த கல் முழுவதையும் எங்கோ கொட்ட வேண்டும். அந்த உயரத்தில் கொட்டுமிடம் மலைச்சரிவும் பனியாறும்தான். சுரங்க ரயில் கண்ணுக்குத் தெரியாது என்ற வாதம் இங்கேயே உடைகிறது.

4. இன்னல் வந்தால் பயணிகளை வெளியே எடுக்க வழி? உச்சியில் வானிலை நிமிடங்களில் மாறும். 4,400 மீட்டரில் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட, உயரத்துக்குப் பழகாத பயணிகளை அன்றைய வசதிகளை வைத்து மீட்பது நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பணக் கணக்கு வேறு. இன்றைக்குச் செர்மாட் ஊரே அந்த மலையின் உருவத்தை நம்பி வாழ்கிறது. விடுதி அறைக்கு மேட்டர்ஹார்ன் தெரிகிறதா இல்லையா என்பதை வைத்து வாடகை மாறுகிறது. உச்சியில் நிலையமும் சாப்பாட்டுக்கடையும் வந்திருந்தால் அந்த மதிப்பு இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் செர்மாட் இயற்கையைத் தொடாமல் வைத்திருக்கும் ஊர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஊருக்குள் பெட்ரோல் கார்கள் கிடையாது, உண்மை. அதே ஊரின் மேலே பனியாற்றின் மீது ஆண்டு முழுவதும் பனிச்சறுக்கு நடக்கிறது, சுற்றிலும் ரோப் கார்கள். கிளைன் மேட்டர்ஹார்னின் உச்சியில் பிரமிடு வடிவக் கோபுரம் கட்டி 4,000 மீட்டரைத் தொடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது, நடக்கவில்லை. பெரிய மேட்டர்ஹார்னைத் தொடக் கூடாது என்ற உடன்பாடு, பக்கத்து மலைகளைத் தாராளமாகத் தொட்டுக்கொள்ளும் பழக்கத்தோடு சேர்ந்தே வளர்ந்தது. ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்ற திருப்தியில் மற்றதை விட்டுக்கொடுப்பது நடக்கக்கூடியதுதான், அதைக் கவனிக்க வேண்டும்.

மனுவிலிருந்து சட்டத்துக்கு

1907-ல் கையெழுத்துப் போட்டவர்களிடம் சட்ட ஆயுதம் எதுவும் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு ரயில்வே சட்டத்தில் இடம் இல்லாததால், அரசு மனமிரங்குவதை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. அந்த இடைவெளி அடைபட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

1909-ல் இயற்கைப் பாதுகாப்புக்கெனத் தனி அமைப்பு உருவானது. 1914-ல் சுவிஸ் தேசியப் பூங்கா வந்தது. இதற்கிடையே 1950 வாக்கில் ஆபத்து மறுபக்கத்திலிருந்து வந்தது. இத்தாலியப் பக்கத்திலிருந்து மேட்டர்ஹார்ன் உச்சிக்கே ரோப் கார் போட இத்தாலியப் பொறியாளர் டினோ லோரா டோட்டினோ திட்டம் வைத்தார். மலை இரு நாடுகளுக்குப் பொது என்பதால் சுவிஸ் சட்டம் இதைத் தடுக்க முடியாது. மறுபடியும் ஏராளமான கையெழுத்துகளோடு மனு போனது, இந்த முறை இத்தாலிய அரசுக்கு. அங்கேயும் அனுமதி மறுக்கப்பட்டது.

1962-ல் சுவிஸ் மக்கள் வாக்களித்து இயற்கை, நிலப்பரப்புப் பாதுகாப்பை அரசமைப்பில் சேர்த்தார்கள். 1966-ல் அதற்கான கூட்டாட்சிச் சட்டம் வந்தது. அதன் 12-ம் பிரிவு நாடு தழுவிய பாதுகாப்பு அமைப்புகளுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை தருகிறது. அதாவது மலைக்கு அருகே நிலம் இல்லாத, நேரடி நட்டம் இல்லாத ஓர் அமைப்பும் அந்த மலைக்காக வழக்காடலாம். ஹைமாட்ஷுட்ஸுக்கும் இந்த உரிமை உண்டு.

1977 முதல் தேசிய முக்கியத்துவம் கொண்ட நிலப்பரப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் 1707-ம் எண்: டென்ட் பிளாஞ்ச்–மேட்டர்ஹார்ன்–மோன்டே ரோசா. பட்டியலில் உள்ள இடத்தைச் சிதைக்கும் திட்டத்துக்குக் கூட்டாட்சி அனுமதி தர வேண்டுமானால், அதற்கு ஈடான அல்லது அதைவிடப் பெரிய தேசிய நலன் வேறொன்று இருப்பதாகக் காட்ட வேண்டும். சுற்றுலா நிறுவனம் ஒன்றின் வருமானம் அந்த அளவுகோலைத் தாண்டுவது கடினம்.

இன்று ஒருவர் இம்ஃபெல்டின் வரைபடத்தைத் தூசி தட்டி எடுத்து விண்ணப்பித்தால், முதல் கட்டத்திலேயே இந்தப் பட்டியலைத் தாண்ட வேண்டும். தாண்டினாலும் 12-ம் பிரிவின் கீழ் மேல்முறையீடு காத்திருக்கும். அது கூட்டாட்சி நீதிமன்றம்வரை போகலாம். 1892-ல் இரு அவைகளின் ஒப்புதலோடு முடிந்துபோன விஷயம் இது.